ஜப்பானில் போர்த் தடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எதைத் தவறவிடக் கூடாது

ஜப்பான் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் டோக்கியோ, கியோட்டோ, ஃபூஜி மலை என்று திட்டம் போட்டுக்கொண்டு, நடுவில் ஒரு நாளை ஹிரோஷிமாவுக்கு ஒதுக்குகிறார்கள். காலையில் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் போய் இறங்கி, அருங்காட்சியகம், குண்டுக்குத் தப்பி நிற்கும் குவிமாடம், இரண்டு படம், சாயங்காலம் திரும்ப ரயில். தப்பொன்றும் இல்லை. ஆனால் அப்படிப் பார்த்தால், போரே 1945 ஆகஸ்ட் 6 காலையில், அங்கே அணுகுண்டு விழுந்தபோதுதான் தொடங்கியது போலத் தோன்றிவிடும். 1931இல் மஞ்சூரியா, 1937இல் சீனா, 1941 டிசம்பரில் மலாயா, 1942இல் பர்மா என்று அதற்கு முன் ஜப்பான் படையெடுத்துப் போனதெல்லாம் கண்ணில் படாமலே போகும். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) காட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்ட தமிழர்களின் கதையும் அந்த ஆண்டுகளுக்குள்தான் கிடக்கிறது.

அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு விஷயம். ஒன்று, வரிசை: முதலில் டோக்கியோ, அப்புறம் ஹிரோஷிமா, அப்புறம் நாகசாகி, நாள் மிச்சமிருந்தால் ஒக்கினாவா. இரண்டாவது, ஒவ்வொரு பெரிய நினைவிடத்தோடும், பெரியது சொல்லாமல் விட்டதைச் சொல்லும் சின்ன இடம் ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பது. சின்ன இடங்களுக்குக் கூட்டம் வராது, கட்டணமும் பெரும்பாலும் கிடையாது.

எப்போது போவது

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு என்றால் குறுகிய சுற்றுலாவுக்கு வேண்டாம். அக்டோபர், நவம்பர் நடப்பதற்கு இதமான மாதங்கள். இந்தப் பயணத்தில் நடைதான் அதிகம், அதனால் இதை முதலில் யோசியுங்கள்.

ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் இருக்க வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். போகலாம், ஆனால் விடுதியைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். காலையில் பூங்காவுக்குள் கெடுபிடி, வெயிலோ சென்னை வெயிலுக்குக் குறைந்ததில்லை. மாலையில் மோதோயாசு ஆற்றில் காகித விளக்குகளை மிதக்க விடுவார்கள். அதற்காக வேண்டுமானால் இந்தச் சிரமத்தைப் படலாம். ஜப்பான் சரணடைந்த நாளான ஆகஸ்ட் 15 அன்று டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் பக்கம் போனால் பழைய ராணுவச் சீருடை போட்டவர்களையும் ஒலிபெருக்கி வண்டிகளையும் பார்க்கலாம். அரசியல் தெரிந்துகொள்ள நல்ல நாள், பொருட்களை நிதானமாகப் பார்க்க மோசமான நாள்.

சின்ன அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள் அரசு விடுமுறையாக அமைந்தால் அன்று திறந்து மறுநாள் மூடுவார்கள். போவதற்கு முந்தின இரவு அவர்களின் தளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

டோக்கியோ: யாசுகுனியில் ஒரு ரயில் எஞ்சின்

குதான்ஷிதா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் யாசுகுனி ஆலயத்தின் பெரிய தோரணவாயில் கண்ணில் படும். 1869இல் நிறுவப்பட்ட ஷின்தோ ஆலயம் இது. போர்களில் இறந்த ஏறத்தாழ 24.6 லட்சம் பேரின் ஆன்மாக்கள் இங்கே உறைவதாக நம்பிக்கை. 1978இல், போருக்குப் பிறகு வென்ற நாடுகள் நடத்திய டோக்கியோ விசாரணையில் முதல்தரப் போர்க்குற்றவாளிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட 14 பேரையும் சேர்த்தார்கள். ஜப்பானியப் பிரதமர் யாராவது இங்கே வந்து வணங்கினால் பெய்ஜிங்கும் சியோலும் கொதிப்பது அதனால்தான். உள்ளே போகிற நீங்கள் குனிந்து வணங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அமைதியாக நடந்தால் போதும்.

ஆலய வளாகத்திலேயே இருக்கிறது யூஷூகான் போர் அருங்காட்சியகம். அதன் முன்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது, நுழைவுச்சீட்டு மாடிக்குத்தான். கூடத்தில் ஒரு பக்கம் பச்சை நிற ஜீரோ போர்விமானம் நிற்கும். 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்க வந்த விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்ததும் ஜீரோதான். எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அதைத் தாண்டிப் போய், கருப்பாக நிற்கும் நீராவி எஞ்சினைப் பாருங்கள். சி56 வகை, எண் 31. சயாம்–பர்மா ரயில் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின். போருக்குப் பிறகு தாய்லாந்திலேயே வேலை செய்து ஓய்ந்ததை, முன்னாள் ரயில்வே படையினர் பணம் திரட்டி ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள்.

மலேசியத் தமிழர் வீடுகளில் சயாம் மரண ரயில் என்று சொல்வார்களே, அதே பாதைதான். 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளிகள் அதைவிடப் பல மடங்கு, அவர்களில் பெரும்பகுதி பர்மியர்களும் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்களும். கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, பின்னால் கல்லறைத் தோட்டமும் கிடைத்தது. தோட்டத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. காலராவில் எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு இன்றும் மதிப்பீடுகள்தான் இருக்கின்றன. யூஷூகான் அந்த எஞ்சினை ரயில்வே படையின் பெருமையாகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. சக்கரங்களையும் இணைப்புத் தண்டையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நினைவுப் பொருட்கள் விற்கும் கடை.

மாடிக்குச் சீட்டு வாங்கிப் போவதா வேண்டாமா? போக வேண்டும் என்பதுதான் என் கருத்து. அமெரிக்கா எண்ணெயை நிறுத்தி நெருக்கியதால் வேறு வழியின்றிப் போருக்குப் போனோம், எங்கள் போரால்தான் ஆசியா விடுதலை அடைந்தது என்கிற கதையை வரைபடங்களோடு நேர்த்தியாகச் சொல்கிறார்கள். 1937இல் ஜப்பானியப் படை சீனர்களைக் கொன்று குவித்த நான்ஜிங் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். எவ்வளவு சிறியது, எதைச் சொல்லவில்லை என்று கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்தது. இந்தியர் என்று தெரிந்தால் இங்கே சிலர் தனி அன்போடு பேசுவார்கள். காரணம் வெளியே நிற்கும் நினைவுக்கல்: டோக்கியோ விசாரணையின் 11 நீதிபதிகளில் ஒருவரான ராதாபினோத் பால், குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் குற்றமற்றவர்கள் என்று தனித்தீர்ப்பு எழுதினார். அந்தக் கல் சொல்லாத ஒன்றையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். வென்றவர்கள் பின்னால் உருவாக்கிய சட்டத்தைக் கொண்டு தோற்றவர்களைத் தண்டிக்க முடியாது என்பதுதான் பாலின் வாதம். ஜப்பானியப் படைகளின் கொடுமைகள் நடக்கவில்லை என்று அவர் எழுதவில்லை. நடந்தவற்றுக்குச் சான்று மலையாக இருக்கிறது என்றே ஒப்புக்கொண்டார்.

யாசுகுனியிலிருந்து பத்து நிமிட நடையில் சிதோரிகாஃபுச்சி. அடையாளம் தெரியாத போர்வீரர்களின், பொதுமக்களின் எலும்புகள் வைக்கப்பட்ட அரசு நினைவிடம், 1959இல் அமைந்தது. மதச் சடங்கு இல்லை, கொடி இல்லை, கூட்டமும் இல்லை. இரண்டையும் ஒரே காலையில் பாருங்கள்.

மறுநாள் கிழக்கு டோக்கியோ. அசாகுசா கோயிலுக்கும் ஸ்கைட்ரீக்கும் எப்படியும் போவீர்கள், அந்த வழியிலேயே சுமிதா ஆற்றின் மேல் கொதோதோய் பாலம் இருக்கிறது. 1945 மார்ச் 9 நள்ளிரவு தாண்டி, ஏறத்தாழ 300 அமெரிக்க பி-29 விமானங்கள் தாழப் பறந்து, மரவீடுகள் நெருங்கிக் கிடந்த இந்தப் பகுதியில் தீக்குண்டுகளைக் கொட்டின. விடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் தப்பி ஓடி வந்தவர்கள் இந்தப் பாலத்தின் நடுவில் மோதிக்கொண்டு நகர முடியாமல் எரிந்தார்கள். பக்கத்துப் பூங்காவில் சின்ன நினைவுக்கல் இருக்கிறது. அடுத்து, கோதோ வட்டாரத்தில் உள்ள டோக்கியோ விமானத் தாக்குதல் ஆவண மையம். மாநகர அரசு திட்டமிட்ட நினைவு அருங்காட்சியகம் அரசியல் சண்டையில் கிடப்பில் போக, பொதுமக்கள் நன்கொடை திரட்டி 2002இல் இதைத் திறந்தார்கள். சுமியோஷி நிலையத்திலிருந்து நடக்கலாம். எரிந்த பகுதிகளைச் சிவப்பில் காட்டும் வரைபடத்தின் முன்னால் நின்று, நீங்கள் தங்கியிருக்கும் விடுதி எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். குண்டுவீச்சின்போது குழந்தைகள் தலையில் போட்டுக்கொண்ட பஞ்சு அடைத்த துணிக்கவசமும் அங்கே இருக்கிறது. நெருப்புப் பொறி விழுந்தால் முதலில் பற்றிக்கொள்வது அதுதான்.

நேதாஜி அஸ்தி இருப்பதாகச் சொல்லப்படும் ரெங்கோஜி கோயிலைப் பலர் கேட்பார்கள். மருனோஉச்சி மெட்ரோவில் ஹிகாஷி-கோயென்ஜியில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். அமைதியான குடியிருப்புத் தெரு, முற்றத்தில் போஸின் மார்பளவுச் சிலை. அஸ்திக்கலசத்தைச் சாதாரணமாகக் காட்ட மாட்டார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐஎன்ஏவில் சேர்ந்த மலாயாத் தமிழர் குடும்பத்து ஆட்கள் யாராவது உங்களோடு வந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஒரே தோட்டத்திலிருந்து ஒருவன் ஐஎன்ஏவுக்கும் இன்னொருவன் சயாமுக்கும் போன காலம் அது.

காமாகுரா பெரிய புத்தரைப் பார்க்கப் போகிறவர்கள் அதே வளாகத்தில், பின்னாளில் இலங்கை அதிபரான ஜே.ஆர். ஜயவர்தனவின் நினைவுக்கல்லையும் பார்ப்பார்கள். 1951இல் சான் ஃபிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், பகை பகையால் தணியாது என்று புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு கேட்க மாட்டோம் என்றார். ஈழத்தமிழர் யாரும், அவர் ஆட்சியில் தமிழர்கள் கொல்லப்பட்ட 1983ஐ நினைக்காமல் அந்தக் கல்லைப் படிக்க முடியாது.

ஹிரோஷிமா: ஒரு இரவாவது தங்குங்கள்

டோக்கியோவிலிருந்து நொசோமி ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் ஏறியபிறகு, ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோ–ஹிரோஷிமா–நாகசாகி என்று ஒரு வழியாகப் போய், ஃபுகுஓகாவிலிருந்து விமானம் பிடித்துத் திரும்புகிறவர்களுக்குத் தனித்தனிச் சீட்டே பெரும்பாலும் மலிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிலையத்தில் பெரிய பெட்டியை லாக்கரில் போட்டுவிட்டு 2 அல்லது 6ஆம் எண் டிராம் ஏறி, கென்பாக்கு டோம்-மாயே நிறுத்தத்தில் இறங்குங்கள். எல்லோரும் குவிமாடத்தைப் பார்த்து நடக்கும்போது நீங்கள் பின்னால் உள்ள சந்துக்குள் திரும்புங்கள். ஷிமா மருத்துவமனை என்று ஒரு சாதாரண மருத்துவமனை, வாசலில் ஒரு கல். 8:15 மணிக்கு குண்டு வெடித்தது இதற்கு நேர் மேலே, சுமார் 600 மீட்டர் உயரத்தில். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். வெடித்த இடத்தைப் பார்த்துவிட்டுக் குவிமாடத்துக்கு வந்தால், அந்தச் சுவர்கள் ஏன் சாயாமல் நின்றன என்பது புரியும்: அழுத்தம் பக்கவாட்டிலிருந்து வராமல் ஏறக்குறைய தலைக்கு மேலிருந்து வந்தது. 1915இல் செக் நாட்டுக் கட்டடக்கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்த வணிகக் கண்காட்சிக் கூடம் அது.

இன்றைய அமைதிப் பூங்கா முன்பு நகாஜிமா என்னும் கடைவீதி. பூங்காவின் ஓய்வுக்கூடமாக இருக்கும் கட்டடம் முதலில் கிமோனோக் கடையாக இருந்தது, போர்க்காலத்தில் எரிபொருள் அலுவலகம். அன்று காலை ஆவணம் எடுக்க அடித்தளத்துக்கு இறங்கிய ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார். அந்த அடித்தளத்தைப் பார்க்க விடுகிறார்கள். புல்வெளிக்கு அடியில் தோண்டிக் கண்டெடுத்த தெருவையும் கருகிய பாய்த்தரையையும் காட்டும் சிறு கட்டடம் 2022இல் திறந்தது. அருங்காட்சியகத்துக்கு முன் இதைப் பார்த்துவிட்டால், பூங்கா எப்போதும் பூங்காவாகத்தான் இருந்தது என்ற எண்ணம் போய்விடும்.

அருங்காட்சியகம் காலை 7:30க்கே திறக்கும். நான் போனபோது கட்டணம் 200 யென்தான். கூட்டம் இப்போது மிகவும் அதிகம், ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பகல் 10 மணிக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்கு முன் மூன்று வரிசை நிற்கும். காலை முதல் மணி நேரத்துக்கும் மாலைக் கடைசி நேரத்துக்கும் இணையத்தில் நேரச்சீட்டு எடுக்க வேண்டும், அதை எடுத்துவிடுங்கள். முதன்மைக் கட்டடம் இருட்டாக இருக்கும், விளக்கம் குறைவு, பொருட்கள்தான் பேசும். துருப்பிடித்த ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பையன் அன்றிரவே இறந்தான். தனியாகக் கல்லறையில் விட மனமில்லாமல் அப்பா அவனை வீட்டுக் கொல்லையிலேயே சைக்கிளோடு புதைத்தார். 40 ஆண்டு கழித்துத் தோண்டி எலும்பைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றியபோது சைக்கிளை இங்கே கொடுத்தார். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தக் கட்டடத்தைத் தவிர்த்து, வெளியே, கதிர்வீச்சு நோயால் இறந்த சிறுமி சதாகோ சசாகியின் நினைவாக 1958இல் எழுப்பிய குழந்தைகள் நினைவுச்சின்னத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குண்டுக்குத் தப்பியவர்களின் நினைவுகளைக் கற்றுக்கொண்டு, அவர்கள் சார்பில் பேசும் பயிற்சி பெற்றவர்கள் அருங்காட்சியகத்தில் இலவசமாக உரை நிகழ்த்துகிறார்கள், ஆங்கிலத்திலும் உண்டு. நேரம் பார்த்து ஒன்றிலாவது உட்காருங்கள். கேள்வி கேட்கவும் விடுவார்கள்.

சரி, இங்கே சொல்லாமல் விடுபடுவது எது? பூங்காவில் ஆமை மேல் நிற்கும் கொரியர் நினைவுச்சின்னம். 1970இல் கட்டியபோது பூங்காவுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது, உள்ளே மாற்ற 1999 ஆயிற்று. அடுத்தது ஹிரோஷிமா கோட்டை வளாகம்: 1894இல் சீனாவுடன் நடந்த போரின்போது பேரரசரே வந்து தங்கி நடத்திய தலைமையகத்தின் அடித்தளக் கற்கள் புல்லுக்குள் கிடக்கின்றன. இது ராணுவ நகரமாகவும் இருந்தது. மூன்றாவது, அரைநாள் கூடுதலாகக் கேட்கும் ஒகுனோஷிமா. குரே ரயில் பாதையில் தாதனோஉமி போய் 15 நிமிடப் படகு. தீவு முழுக்க முயல்கள், சுற்றுலாக்காரர்கள் அதற்காகவே வருவார்கள். 1929 முதல் இங்கே கடுகு வாயு உள்ளிட்ட நச்சுவாயுக்களைச் செய்தார்கள், அவை சீனாவில் பயன்பட்டன, ராணுவ வரைபடங்களிலிருந்து தீவையே அழித்தார்கள். 1988இல் திறந்த சிறு அருங்காட்சியகத்தில் தொழிலாளிகள் போட்டுக்கொண்ட ரப்பர் உடை இருக்கிறது. தையல் வழியாக வாயு உள்ளே போய் அவர்களும் நுரையீரல் கெட்டு இறந்தார்கள்.

நாகசாகி

ஹிரோஷிமாவிலிருந்து ஹகாதாவுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து தாகேஓ-ஓன்சென் வரை விரைவு ரயில், அதே நடைமேடையில் எதிரே நிற்கும் கமோமே ஷின்கான்செனுக்கு மாறினால் நாகசாகி. 2022 செப்டம்பரில் வந்த பாதை.

ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டோடு விமானம் குறிவைத்துப் போனது கொகுரா நகரத்தை. அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் இங்கே வந்தது. 11:02க்கு உராகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது, கிறிஸ்தவர்கள் அடர்ந்து வாழ்ந்த பகுதி. ஆண்டிறுதிக்குள் சுமார் 74,000 பேர் இறந்தார்கள். வெடிமையப் பூங்காவில் கருப்புத் தூணைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். ஓடைப்பக்கம் படி இறங்கினால், கண்ணாடிக்குப் பின்னால் 1945ஆம் ஆண்டின் மண் அடுக்கை அப்படியே வைத்திருக்கிறார்கள்: ஓடு, செங்கல், உருகிய கண்ணாடி, சோற்றுக் கிண்ணத்தின் உடைசல். இந்த இடம் எனக்கு அருங்காட்சியகத்தைவிடப் பெரிதாகப் பட்டது. மேலே அமைதிப் பூங்காவில் பெரிய நீலச் சிலையின் முன் படம் எடுப்பார்கள். தரையில் தெரியும் சுவர் அடித்தளம் சிறைச்சாலையுடையது. உள்ளே இருந்த 134 பேரும் இறந்தார்கள், சீனர்களும் கொரியர்களும் அவர்களில் உண்டு.

நாகசாகி நிலையத்துக்குப் பக்கத்தில், 26 வேதசாட்சிகள் நினைவிடத்தைத் தாண்டி மேட்டுத் தெருவில், தன்னார்வலர்கள் நடத்தும் சின்ன அருங்காட்சியகம் ஒன்று கொரியக் கட்டாயத் தொழிலாளிகளையும் ஜப்பான் ஆசியாவில் செய்தவற்றையும் பற்றியது. விடுதியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஒக்கினாவாவும் சிரானும்

ஒக்கினாவா ஃபுகுஓகாவிலிருந்து இரண்டு மணிக்குள் விமானம். 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரில் 2,00,000 பேருக்கு மேல் இறந்தார்கள், தீவு மக்களில் நால்வரில் ஒருவர். நாஹாவிலிருந்து 89ஆம் எண் பேருந்தில் இதோமான் போய், அங்கே 82க்கு மாற வேண்டும். இந்த இரண்டாவது பேருந்து குறைவாகத்தான் வரும், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நிறுத்தப் பலகையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹிமேயுரி: மருத்துவப் பணிக்கு அழைத்துச் செல்லப்பட்ட பள்ளி மாணவிகளும் ஆசிரியர்களும் 240 பேர், 136 பேர் திரும்பவில்லை. பிறகு மாபுனி மேட்டில், எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் இறந்த அத்தனை பேரின் பெயரையும் வெட்டியிருக்கும் கல்வரிசைகள். குடும்பத்தோடு சேர்த்து, இன்னாரின் மகன், இன்னாரின் குழந்தை என்றே சில பெயர்கள் இருக்கும், பெயர் வைப்பதற்குள் போன பிள்ளைகள்.

சிரான், தற்கொலைப்படை விமானிகள் புறப்பட்ட தளம், ககோஷிமாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பேருந்து. அவர்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும். அனுப்பியவர்கள் யார் என்பது மட்டும் அங்கே மங்கலாகவே இருக்கும்.

நடந்துகொள்வது, சாப்பாடு

பெரும்பாலான இடங்களில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். சிரித்துக்கொண்டு செல்ஃபி வேண்டாம். ஜப்பானியரிடம் போர் பற்றி முதல் அறிமுகத்திலேயே கேட்காதீர்கள். அவர்கள் வீட்டு முதியவர்களைப் பற்றி விசாரித்தால் பேச்சு தானாக அங்கே வரும். சைவர்களுக்கு: ஒகோனோமியாகி என்னும் ஹிரோஷிமா அடையில் பன்றிக்கறியும் மேலே மீன் சீவலும் வரும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடை எதுவும் கைகொடுக்காவிட்டால் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் உமேபோஷி என்னும் உப்பிட்ட பழ ஊறுகாய் வைத்த அரிசி உருண்டை கிடைக்கும். உப்பு எலுமிச்சை ஊறுகாய் பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும்.

மொத்தம் ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் சிரானையும் ஒக்கினாவாவையும் விட்டுவிடலாம். டோக்கியோவில் இரண்டு நாள், ஹிரோஷிமாவில் இரண்டு நாள், நாகசாகியில் ஒன்று. ஒகுனோஷிமாவுக்கு நேரம் வாய்க்காதவர்கள் அதற்குப் பதிலாக டோக்கியோவிலிருந்தே ஒதாக்யூ ரயிலில் இகுதா போய், மேஜி பல்கலைக்கழக வளாகத்துக்குள் நோபொரிதோ ஆய்வுக்கூட அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். கள்ளநோட்டு, நஞ்சு, அமெரிக்காவுக்குப் பறக்கவிட்ட பலூன் குண்டு எல்லாம் உருவான ராணுவ ஆய்வுக்கூடத்தின் கட்டடம். கட்டணம் இல்லை, புதன் முதல் சனி வரைதான் திறந்திருக்கும், மாலை 4 மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடுங்கள்.